விரல் அளவு

மயிலாப்பூர்,
2-12-1996

அன்புள்ள ஹம்சா அவர்களுக்கு,

நான் ரகுபதி. தீபாவளி கழிந்த வாரம் அடையாறு காந்தி நகரில், உங்கள் வீட்டு ஹாலில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து மூன்று ரவா லட்டு சாப்பிட்டவன். இரண்டு வீட்டிலும் சரி என்று சொல்லிவிட்டதால், உங்கள் சூரத் விலாசத்தை உங்கள் அப்பாவிடமே கேட்டு வாங்கினேன். எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசலாம்தான். ஆனால் மீட்டரில் அந்தச் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்தால் பேச வந்தது எல்லாம் எனக்கு மறந்துபோகிறது.

மாசி மாதக் கடைசியில் நிச்சயதார்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்கிறாள் அம்மா. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் நிச்சயதார்த்தத்துக்கு மோதிரம் போட்டதில்லை. புடவை, தட்டு, பழம், அவ்வளவுதான். ஒற்றைக்கல் வைர மோதிரம் போட்டே தீருவேன் என்று நான்தான் பிடிவாதம் பிடித்துச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். வாங்கிய பிறகுதான் உறைத்தது: எனக்கு வைரத்துக்கும் கல்கண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. காலேஜில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவனை எந்தக் கடைக்காரரும் சுலபமாக ஏமாற்றிவிடலாம். நீங்களோ வைர ஊரில் பாங்கு அதிகாரி. எதைப் பார்த்து வாங்கவேண்டும் என்று நாலு வரி எழுதுங்கள்.

கூடவே விரல் அளவும் வேண்டும். ஒரு நூலை மோதிர விரலில் சுற்றி முடிச்சுப் போட்டு, அப்படியே கழற்றிக் கவரில் வைத்தால் போதுமாம்.

ரகுபதி

*

சூரத்,
10-12-1996

அன்புள்ள ரகுபதி அவர்களுக்கு,

ரவா லட்டு மூன்று இல்லை, நான்கு. எடுத்து வைத்தவள் நான்தான்.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிளையில் வைர வியாபாரிகளுக்குக் கடன் கொடுக்கும் மேஜை என்னுடையது. கல்லை மதிப்பிடுகிறவர் சொல்வதைக் கேட்டுக் கையெழுத்துப் போடவேண்டியவள் நான் என்பதால், ஒரு வருஷமாக அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து லென்ஸ் வைத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

கடைக்குக் காலையில் போங்கள். கடை விளக்கில் எந்தக் கல்லும் ஜொலிக்கும். கல்லை வாசலுக்குக் கொண்டுவந்து, வெள்ளைத் தாளை மடித்து அதன் மடிப்பில் கவிழ்த்து வைத்து, பக்கவாட்டிலிருந்து பாருங்கள். மஞ்சள் இருந்தால் அப்போது தெரிந்துவிடும். "ப்ளூ ஜாகர் சார்" என்பார்கள். அது எப்போதோ ஆப்பிரிக்காவில் இருந்த ஒரு சுரங்கத்துக் கல்லின் பெயர், நம் ஊரில் வெளுப்பாக இருக்கும் எல்லாக் கல்லுக்கும் வைத்துவிட்டார்கள். நீங்கள் தலையை மட்டும் ஆட்டிவைத்துவிட்டுத் தாளையே நம்புங்கள். மோதிரத்தில் பதித்த கல்லைப் பார்க்காதீர்கள், உதிரிக் கல்லாகக் காட்டச் சொல்லுங்கள். பதித்துவிட்டால் பாதிக் குறை தங்கத்துக்கு அடியில் போய்விடும். லென்ஸில் கரும்புள்ளி தெரிந்தால் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஓரத்தில் இருந்தால் பரவாயில்லை. நடுவில் இருந்தால் ஒரு புள்ளி நாலு புள்ளியாகப் பிரதிபலிக்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது இந்த வேலையால். அந்த வேலையைப் பற்றித்தான் உங்கள் அம்மா அன்று ஹாலில் கேட்டார். "புரமோஷன் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டா மெட்ராஸுக்கே திரும்பிடலாமாமே, அப்படிப் பண்ணிடேன்மா" என்றார். ஒன்பது வருஷம் கிளார்க்காக இருந்து, ஒருமுறை பரீட்சையில் தோற்று, மறுமுறை ஜெயித்து வாங்கிய பதவி இது. அடுத்த வருஷம் முழுக்க, அதற்கடுத்த ஜூன் வரை இங்கே இருந்தாகவேண்டும். நான் உடனே உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியவேண்டும்.

ஹம்சா

*

மயிலாப்பூர்,
20-12-1996

அன்புள்ள ஹம்சா,

உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தி. நகர் போனேன். மார்கழியில் வைரம் வாங்கக் கூடாதாம், பார்க்கலாமாம். இந்தச் சட்டம் அம்மா போட்டது. உஸ்மான் ரோடுக்குக் குறுக்கே ஒரு தெருவில், மாடியில், இசக்கிமுத்து என்பவர் கல் வியாபாரம் செய்கிறார். திருநெல்வேலிக்காரர். காலை பத்து மணிக்கே போய் நின்று, பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்து மடித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாருக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

"எனக்குப் பார்த்திருக்கிற பொண்ணு."

"அப்பம் விலையையும் அவியகிட்டயே பேசிக்கிடுதேன்" என்றார். காபி வரவழைத்தார்.

இரண்டு கல் பிடித்திருக்கிறது. ஒன்று முப்பத்திரண்டு சென்ட் (நூறு சென்ட் ஒரு காரட்டாம்). பெரிசாக, கம்பீரமாக இருக்கிறது. லென்ஸில் பார்த்தால் நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி மிளகுத்தூள் மாதிரி ஒரு புள்ளி. இன்னொன்று இருபத்தெட்டு சென்ட். எவ்வளவு தேடியும் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. தாள் மடிப்பில் வைத்தால் தாளும் கல்லும் ஒரே நிறம். பெரியது மொத்தத்தில் பதிமூவாயிரம், சின்னது பத்தரை. இரண்டையும் தை பிறக்கும்வரை எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். எது என்று சொல்லுங்கள்.

அம்மா கேட்டது பற்றி எழுதியிருந்தீர்கள். அதெல்லாம் சாவகாசமாக நேரில் பேசிக்கொள்ளலாமே. அம்மா ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பாள்.

கவரில் நூல் இல்லை. வைக்க மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

ரகுபதி

*

சூரத்,
29-12-1996

அன்புள்ள ரகுபதி அவர்களுக்கு,

நூலை வைக்க நான் மறக்கவில்லை.

சின்னதை எடுங்கள். கல்லின் விலை எடையோடு ஒரே சீராக ஏறாது, படிக்கட்டு மாதிரி ஏறும். கால் காரட் ஒரு படி, முப்பது சென்ட் அடுத்த படி. முப்பதைத் தாண்டினால் காரட் விலையே கூடிவிடும். இருபத்தெட்டுக்கும் முப்பத்திரண்டுக்கும் கையில் போட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பில்லில்தான் தெரியும். பெரிய கல்லைப் பக்கவாட்டில் பிடித்து அடிப்பாகம் கூடுதல் ஆழமாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் நீங்கள் பணம் கொடுக்கிற எடை முழுக்க மோதிரத்துக்கு உள்ளே ஒளிந்துகொள்ளும். மேலே மிளகுத்தூள் வேறு. இசக்கிமுத்து நாணயமானவராகத்தான் தெரிகிறார், கேட்டால் அவரே சொல்வார்.

உங்கள் அம்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. அவர் சொன்னதில் எனக்குக் கோபமும் இல்லை. தன் மனசில் இருப்பதை என் முகத்துக்கு நேராகக் கேட்டார், அது எனக்குப் பிடித்தது. நீங்கள் சொல்லாமல் இருந்ததுதான் உறுத்துகிறது. கல்லைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகிறவர் இதற்கு ஒரு வரி எழுதலாம். விடு என்று எழுதினாலும் சரி, விடாதே என்று எழுதினாலும் சரி. எழுதின பிறகு நூல் அனுப்புவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்துகொள்கிறேன்.

புத்தாண்டு வாழ்த்துகள்.

ஹம்சா

*

மயிலாப்பூர்,
21-1-1997

அன்புள்ள ஹம்சா,

இந்தக் கடிதத்தை நீங்கள் உட்கார்ந்து படிக்கவேண்டும்.

வைரம் வாங்குவதற்கு முன்னால் மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்க்கிற வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். நல்லது நடந்தால் வாங்குவது, கெட்டது நடந்தால் திருப்பிக் கொடுப்பது. தை பிறந்ததும் இசக்கிமுத்து இரண்டு பொட்டலத்தையும் சிரித்துக்கொண்டே கொடுத்து அனுப்பினார். ஒரு கல், ஒரு வீடு, மூன்று நாள். இதை வைத்து முடிவுக்கு வருகிற மாணவனை நான் ஃபெயில் ஆக்கிவிடுவேன். அம்மாவை யார் ஃபெயில் ஆக்குவது?

முதலில் பெரிய கல்லை சுவாமி அலமாரியில் வைத்தாள். இரண்டாம் நாள் காலையில் வாசலில் ஒரு லைன்மேன் வந்து நின்றார், கையில் டெலிபோன். நாங்கள் மனுப் போட்டது அப்பா இருந்த காலத்தில்! அம்மா லைன்மேனுக்குச் சர்க்கரைப் பொங்கலே கொடுத்துவிட்டாள். அப்புறம் சின்னக் கல்லை வைத்தோம். முதல் நாள் பால் திரிந்தது. மறுநாள் மோட்டார் புகைந்துபோய் மொட்டைமாடித் தொட்டி காய்ந்தது. மூன்றாம் நாள் லஸ் முனையில் நான் ஸ்கூட்டரோடு விழுந்தேன். முழங்காலில் சிராய்ப்புதான், பயப்படாதீர்கள்.

"வேண்டவே வேண்டாம், அந்தக் கல்லை இன்னிக்கே திருப்பிக் குடுத்துட்டு வந்துடு. பெரிசையே முடிச்சுடு" என்றாள் அம்மா.

நீங்கள் எழுதியதை எல்லாம் எடுத்துச் சொல்லத்தான் நினைத்தேன். அவள் என் முழங்காலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? சரி என்று தலையாட்டிவிட்டேன். பெரிய கல்லும் அப்படி ஒன்றும் மோசமில்லையே.

நூல் இன்னும் வரவில்லை.

ரகுபதி

*

சூரத்,
26-1-1997

ரகுபதி அவர்களுக்கு,

இன்று குடியரசு தின விடுமுறை. அதனால் இரண்டு முறை கிழித்துப்போட்டுவிட்டு மூன்றாவதாக இதை எழுத நேரம் இருந்தது.

மறுபடியும் தலையாட்டிவிட்டீர்கள். எது நல்ல கல் என்று உங்களுக்குத் தெரியும். தாளில் வைத்துப் பார்த்தது நீங்கள், லென்ஸில் பார்த்தது நீங்கள். அப்படியும் டெலிபோன் வந்தது என்பதற்காகப் புள்ளிக் கல்லுக்குச் சரி என்கிறீர்கள். கல் விஷயத்திலேயே இப்படி என்றால், நாளைக்கு என் வேலை விஷயத்தில் பால் திரிந்தால் என்ன செய்வீர்கள்?

எனக்கு முப்பத்திரண்டு வயது. இதற்கு முன் வந்த இரண்டு வரனும் வேலையை விட்டுவிடவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள், நானும் முடியாது என்று சொல்லிவிட்டேன். யாருக்கும் வருத்தமில்லை. உங்களிடம் அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உங்கள் கடிதம் வந்தால் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவோடு எடுத்துப்போய்ப் படிக்கிறேன், சிரிக்கிறேன். அதனால்தான் கோபம் இவ்வளவு வருகிறது.

புள்ளி வைத்த மோதிரம் எனக்கு வேண்டாம். தலையாட்டுகிற மாப்பிள்ளையும் வேண்டாம்.

ஹம்சா

*

மயிலாப்பூர்,
31-1-1997

அன்புள்ள ஹம்சா,

உங்கள் கடிதத்தை நேற்று இரண்டு வகுப்புக்கு நடுவில் படித்தேன். அடுத்த வகுப்பில் என்ன நடத்தினேன் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் போய், பெரிய கல் வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். புள்ளி என்றேன், ஆழம் என்றேன், படிக்கட்டு விலை என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டெலிபோன் வந்துதே?" என்றாள். "அது டெலிபோன் இலாகா குடுத்தது, கல் குடுக்கலை. அப்படியே கல்தான் குடுத்ததுன்னாலும், போன் வந்தது நமக்கு. மோதிரம் போட்டுக்கப்போறது அவளாச்சே?" என்றேன். கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அம்மா கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஐயையோ, ஆமாண்டா! போட்டுக்கறவ ஆத்துல வெச்சுன்னா பாக்கணும்! எனக்குத் தோடு வாங்கறச்சே எங்காத்துலதானே வெச்சுண்டிருந்தா. நம்மாத்துல வெச்சு நான் என்னத்தப் பாத்தேன்? முட்டாள்தனம் பண்ணிட்டேனே" என்றாள். "நாளைக்கே அடையாறுல அவ அப்பா ஆத்துல கொண்டுபோய்க் குடு."

"அவ அங்க வருஷத்துக்குப் பத்து நாள் இருந்தா அதிகம்மா."

அம்மா கீரையை மறுபடி எடுத்து ஆய்ந்தாள். அப்புறம் தலையை நிமிர்த்தாமலே, "அப்போ அவ இருக்கற ஆம் சூரத்துலதானேடா?" என்றாள்.

ஹம்சா, இதை நான் சொல்லவில்லை. அவள் வாயால் அவளே சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிளேக் வந்த ஊர் என்று மூன்று மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தவள் அவள்.

சின்னக் கல்லுக்கு இசக்கிமுத்துவிடம் பணம் கட்டிவிட்டேன். ஒத்துவராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வாராம். "சூரத்துலேருந்து வந்த கல்லு சார், ஊரைப் பாத்துட்டு வரட்டும்" என்றார். எட்டாம் தேதி நவஜீவன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறேன். தங்குவதற்கு ஒரு லாட்ஜ் மட்டும் பார்த்துவையுங்கள். உங்கள் கேள்விக்குப் பதிலை நேரில் சொல்கிறேன். இந்த முறை தட்டில் எதை வைத்தாலும் பார்க்கமாட்டேன்.

ரகுபதி

பி.கு.: இப்போதுதான் போன் வந்துவிட்டதே என்று கேட்கலாம். அது ஹாலில் இருக்கிறது, அம்மா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

*

மயிலாப்பூர்,
16-2-1997

அன்புள்ள ஹம்சா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கல்லும் வந்து சேர்ந்தது. நீ கட்டிக்கொடுத்த தேப்லா ரொட்டி விஜயவாடா வரைக்கும் வந்தது.

ஸ்டேஷனில் நான் சட்டைப் பையிலிருந்து நூல்கண்டை எடுத்தபோது, "என்கிட்ட சொன்னதை உங்க அம்மாகிட்ட சொல்லிட்டு எழுதுங்கோ, அப்பறம் அளவு தரேன்" என்று சொல்லிவிட்டாயே, அந்தக் கணம் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ரயில் கிளம்பிய பிறகு நினைத்துப் பார்த்தேன். நீ செய்ததுதான் சரி. உன்னிடம் சொல்வது எனக்குச் சுலபம். தலையாட்டி வந்ததெல்லாம் இந்த வீட்டில்தானே.

திங்கட்கிழமை உன் மேஜைக்கு எதிரே, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரியவர் பொட்டலத்தைப் பிரித்தார். நீ லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "ஜயந்திபாய், இந்தக் கல்லெல்லாம் ஒரே தரம் இல்லையே" என்கிற அர்த்தத்தில் குஜராத்தியில் ஏதோ சொன்னாய். அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே தரம்வாரியாகப் பிரித்துக் கொடுத்தார். உன் நாற்காலியில் இருந்து உன்னை எழுப்பிக்கொண்டு வருவதற்கு நான் யார்? எனக்கு உன்மேல் பெருமையாக இருந்தது. அதை அங்கேயே சொல்லாமல் விட்டேன், இப்போது சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் சொன்னேன். ஹம்சா புரமோஷனை விடமாட்டாள், நான் விடச் சொல்லவும் மாட்டேன். இரண்டு வருஷமும் கோடை விடுமுறைக்கு நான் அங்கே போவேன், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவள் வருவாள். அதற்குப் பிறகும் வேறெங்காவது மாற்றினால் அப்போதும் இப்படித்தான். ரசத்தைக் கொட்டிக்கொண்டேன். அம்மா துடைக்கத் துணி எடுத்துக்கொடுத்தாள். மோர்சாதம் போட்டாள்.

கடைசியில், "கல்லு வெச்சுண்டிருந்தேளே, என்ன ஆச்சு மூணு நாளும்?" என்றாள்.

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. உள்ளதைச் சொன்னேன். கோயில் வாசலில் என் செருப்பு தொலைந்தது. அந்த உந்தியுக் கூட்டைச் சாப்பிட்டு ஒரு நாள் முழுக்க எனக்கு வயிறு சரியில்லை. திரும்புகிற அன்று ரயில் மூன்று மணி நேரம் தாமதம்.

"அதெல்லாம் உனக்குன்னா ஆச்சு. அவளுக்கு ஏதாவது ஆச்சோ?"

"இல்லைம்மா. அவ நன்னாத்தான் இருந்தா."

"அப்பறம் என்ன? நல்ல கல்லுதான்" என்று எழுந்து தட்டை எடுத்தாள். சமையலறை வாசலில் நின்று திரும்பி, "அங்க தண்ணி எப்படிடா? தலைமுடி கொட்டுமோ?" என்று கேட்டாள். ஹம்சா, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாசி இருபத்தெட்டு, புதன்கிழமை. நாள் குறித்தாயிற்று. ஆசாரி ஒரு வாரமாவது வேண்டும் என்கிறார். இனிமேலாவது நூல் அனுப்பு.

ரகுபதி

*

சூரத்,
21-2-1997

அன்புள்ள உங்களுக்கு,

'நீ' என்று எழுதியிருப்பதைக் கவனித்தேன். அப்படியே இருக்கட்டும்.

தண்ணீர் கொஞ்சம் உப்பு, முடி கொட்டவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பிளேக்குக்குப் பிறகு ஊரைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறார்கள் என்றும் சொல்லுங்கள். ஏப்ரலில் நீங்கள் வரும்போது அவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். என் மேஜைக்கு எதிரே அந்த நாற்காலியில் அவரும் ஒரு நாள் உட்காரட்டும்.

கல்லை நான்கு கொக்கிகளில், அடிப்பக்கம் திறந்திருக்கும்படி பதிக்கச் சொல்லுங்கள். அடைத்துப் பதித்தால் வெளிச்சம் உள்ளே போகாது. பதிக்கும்போது பக்கத்திலேயே இருங்கள். நல்ல கல் அது. அந்த மூன்று நாளும் அதை அலமாரியில் எந்தத் தட்டில் வைத்தேன் என்றுகூட நான் கவனிக்கவில்லை. செருப்பில்லாமல், வெயிலில், என் பாங்கு வாசல்வரை சிரித்துக்கொண்டே நடந்து வந்த ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நூல் இத்துடன் இருக்கிறது. இடது கை மோதிர விரல். முடிச்சை அவிழ்க்காமல் ஆசாரியிடம் கொடுங்கள். கொஞ்சம் அழுக்காக இருக்கும், மன்னிக்கவும். உங்கள் முதல் கடிதம் வந்த அன்றைக்கே கட்டிக் கழற்றி, அன்றிலிருந்து கைப்பையிலேயே வைத்திருந்தேன். நேற்று ராத்திரி மறுபடி போட்டுப் பார்த்தேன், அளவு சரியாகத்தான் இருக்கிறது.

ஹம்சா